மாறி வந்த பொருளைத் 'திருப்பி' அனுப்புவதில்லை: ஆன்லைனில் வாங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ஆன்லைனில் கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றால் வடசென்னையில் எந்தத் தெருவிலும் உடனே யோசனை கிடைக்கும். 'ரிட்டர்ன் போட்டுவிடு' என்பார் ஒருவர். 'பெட்டியைப் பிரித்துவிட்டாயா? இனி ஒன்றும் செய்ய முடியாது' என்பார் இன்னொருவர். முந்நூறு ரூபாய் நைட்டிக்கு யார் அலைவது என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். பிள்ளைக்கு வாங்கிய பள்ளி ஷூ இரண்டு அளவு சின்னதாக அலமாரியில் கிடக்கும். பணம் போனது போனதுதான்.

இந்த யோசனைகள் எல்லாம் ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. வாங்கிய பொருள் பிடிக்காமல் திருப்பித் தருவது வேறு. வாங்கிய பொருளே இன்னும் கைக்கு வராமல் இருப்பது வேறு. இரண்டுக்கும் 'ரிட்டர்ன்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். விற்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. வாங்குபவர்கள், அதிலும் சிறு தொகைக்கு வாங்குபவர்கள், உரிமை இருந்தும் ஒதுங்கிப்போகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

சலவைக்குப் போட்ட சட்டை

வண்ணாரப்பேட்டையில் ஒரு சலவைக் கடையில் ஆறு சட்டை போடுகிறீர்கள். திரும்ப வந்த மூட்டையில் ஐந்து உங்களுடையவை, ஆறாவது யாருடையதோ. நீங்கள் என்ன சொல்வீர்கள்? 'இது என்னுடையது இல்லை, என் சட்டை எங்கே?' என்றுதான் கேட்பீர்கள். 'எங்கள் கடையில் துணியைத் திரும்பப் பெறுவதில்லை' என்று கடைக்காரர் சொன்னால் தெருவே கூடிவிடும். அவர் ஏற்றுக்கொண்ட வேலை இன்னும் முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆன்லைனிலும் நிலைமை இதுதான். நீல நிறத்தில் எட்டாம் எண் ஷூவுக்குப் பணம் கட்டினீர்கள். கறுப்பில் ஆறாம் எண் வந்தது. உங்கள் ஆர்டர் இன்னும் நிறைவேறவில்லை, அவ்வளவுதான். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதை நேராகவே சொல்கிறது. பொருளைக் கண்ணால் பார்க்காமல், விற்பவர் தந்த விவரத்தை நம்பி வாங்கினால், அதற்கு 'விவரப்படி விற்பனை' என்று பெயர். வந்து சேரும் பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. செயலியில் காட்டிய படம், நிறம், அளவு, எண்ணிக்கை எல்லாமே விவரம்தான்.

பெட்டியைப் பிரித்தால் உரிமை போய்விடும் என்பதும் தவறு. வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது அதே சட்டம். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? உரிமை நழுவுவது வேறு இரண்டு வகைகளில்: வந்ததை உங்கள் பொருள்போலப் பயன்படுத்தத் தொடங்கினால்; அல்லது ஒன்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினால். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்குப் போய்வந்த பிறகு வாதம் பலவீனமாகிவிடும்.

சுருக்கமாக: பில்லில் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டிருந்தால், அது மனம் மாறித் திருப்புபவருக்குச் சொல்லப்பட்டது. கேட்ட பொருளே கிடைக்காதவரை அது தடுக்காது.

எங்கே மாறுகிறது

செங்குன்றம், புழல் பக்கம் நெடுஞ்சாலையோரம் நிற்கும் கிடங்கோ, எம்.சி. ரோட்டில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்னக் கடையோ, வேலை நடக்கும் வரிசை ஒன்றுதான்.

சரக்கு வந்ததும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு அடையாளம் தருகிறார்கள். அதன் பெயர் எஸ்.கே.யு. ஒரே சட்டையில் நீலம் பெரியது ஒரு எஸ்.கே.யு., நீலம் சிறியது இன்னொன்று, சிவப்புப் பெரியது மற்றொன்று. சலவைக்காரர் காலர் உள்பக்கம் சேங்கொட்டை மையால் போடும் குறியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலையைத்தான் இது செய்கிறது. பிறகு சரக்கு அதற்கான தட்டில் வைக்கப்படும். ஆர்டர் வந்ததும் ஒருவர் தட்டிலிருந்து எடுப்பார். இன்னொருவர் மேசையில் வைத்துப் பையில் போட்டு, முகவரி லேபிளை ஒட்டுவார். கூரியர் ஏற்றிச் செல்லும்.

தவறு எந்த இடத்தில் நடந்தது என்பதைப் பொறுத்து அதன் தன்மை மாறுகிறது. எடுப்பவர் பக்கத்துத் தட்டில் கைவைத்துவிட்டால் நிறமோ அளவோ மாறும்; பொருளின் வகை பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். பொட்டலம் கட்டும் மேசையில் இரண்டு பைகளுக்கு லேபிள் இடம் மாறினால், சம்பந்தமே இல்லாத பொருள் வரும். குக்கர் கேட்டவருக்குச் சுடிதார் வரும். அங்கே சுடிதார் கேட்டவர் குக்கரோடு திகைத்து நிற்பார். வழியில் யாராவது கைவைத்திருந்தால் பையின் ஓரம் கிழிந்து வேறு டேப் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே எடைக்காகச் சோப்போ கல்லோ இருக்கும்.

நான்காவது வகைதான் மிகவும் தொல்லை தருவது. அதைப் பற்றிப் பேசுபவர்களும் குறைவு. சரக்கு கிடங்குக்கு வந்த அன்றே தவறான எஸ்.கே.யு. ஒட்டப்பட்டுவிட்டால், அந்தத் தட்டில் இருக்கும் அத்தனையும் தவறு. எடுப்பவர் சரியாகத்தான் எடுப்பார். பார்கோடு கருவியும் சரி என்றுதான் சொல்லும். ஆனால் அந்தப் பொருளை வாங்கும் எல்லோருக்கும் மாறியே வரும். குறியே தப்பாகப் போட்ட சட்டை எத்தனை முறை சலவைக்குப் போனாலும் அடுத்த வீட்டுக்கே போய்ச்சேரும். இதை நினைவில் வையுங்கள். மாற்றுப் பொருள் கேட்கலாமா, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று முடிவு செய்யும்போது இது உதவும்.

லேபிளை நிதானமாகப் படியுங்கள்

பார்சல் உறையைக் கிழித்துக் குப்பையில் போடுவதுதான் நம் வழக்கம். மாறி வந்த பொருளுக்கு அந்த உறையே முதல் சாட்சி.

ஒரு லேபிளை மேசையில் விரித்துவைத்துப் பாருங்கள். மேலே தடித்த பார்கோடு, அதன் கீழ் நீண்ட எண். அது டிராக்கிங் எண். பார்சல் எங்கெங்கே போனது என்று அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். அடுத்து உங்கள் பெயர், முகவரி, பின்கோடு: தண்டையார்பேட்டை என்றால் 600081, வண்ணாரப்பேட்டை என்றால் 600021. கீழே சின்ன எழுத்தில் விற்பவரின் பெயர், டெலிவரி ஆகாவிட்டால் அனுப்ப வேண்டிய முகவரி, 15 இலக்க ஜிஎஸ்டி எண். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும்: 33 என்றால் தமிழ்நாடு, 24 என்றால் குஜராத், 07 என்றால் டெல்லி. பல லேபிள்களில் எஸ்.கே.யு.வும், நிறம், அளவு, எண்ணிக்கையும், சிலவற்றில் எடையும் இருக்கும். மிகச் சிறிய எழுத்து. செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இப்போது உள்ளே இருக்கும் பில்லையும் பொருளையும் இதோடு பொருத்திப் பாருங்கள். லேபிளும் பில்லும் உங்கள் பெயரில், இரண்டிலும் 'நீலம், 8' என்று இருக்கிறது. பொருள் மட்டும் கறுப்பு, 6. எடுத்தவர் தவறு. மூன்றையும் ஒரே படத்தில் வைத்து எடுத்துவிட்டால் அதற்கு மேல் வாதமே தேவையில்லை. வெளியே லேபிள் உங்களுடையது, உள்ளே பில் வேறு ஒருவர் பெயரில் இருக்கிறதா? லேபிள் இடம் மாறியிருக்கிறது. உங்கள் பொருள் அந்த இன்னொருவரிடம் இருக்கக்கூடும். அந்த பில்லில் அவருடைய முகவரியும் செல்போன் எண்ணும் இருக்கலாம். அதைக் குடும்பக் குழுவிலோ வேறு எங்குமோ போடாதீர்கள். விற்பவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

பொருள் மாறவில்லை, பார்சலே மாறியிருந்தால்

இது வடசென்னையில் நிறைய நடக்கும். ஒரே காம்பவுண்டுக்குள் எட்டு வீடு, கதவு எண்ணில் பழையது ஒன்று புதியது ஒன்று, வாரியக் குடியிருப்பில் ஒரே மாதிரி பிளாக்குகள். டெலிவரி ஊழியர் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வெளியே லேபிளில் வேறு பெயர் இருந்தால் அது மாறி வந்த பொருள் இல்லை. இடம் மாறிய பார்சல். பிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டாருடையது என்றால் கொடுத்துவிடுங்கள். தெரியாதவர் பெயர் என்றால் கூரியருக்குச் சொல்லுங்கள்.

அதோடு உங்கள் ஆர்டரையும் செயலியில் திறந்து பாருங்கள். கையில் வேறொருவர் பார்சலைக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை 'டெலிவரி ஆகிவிட்டது' என்று பதிவு செய்திருக்கலாம். அப்படியென்றால் 'பார்சல் வரவில்லை' என்றுதான் புகார் போட வேண்டும். 'பொருள் மாறி வந்தது' என்று போட்டால் வராத பொருளை எடுத்துச்செல்ல ஆள் வருவார்.

காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது

செயலியில் திருப்பி அனுப்பும் பக்கத்தைத் திறந்தால் காரணங்களின் பட்டியல் வரும். பிடிக்கவில்லை, அளவு சரியில்லை, பழுது, வேறு பொருள் வந்தது. பலரும் அவசரத்தில் 'அளவு சரியில்லை' என்பதைத் தொடுகிறார்கள். ஆறாம் எண் ஷூ எட்டாம் எண் காலுக்குப் பொருந்தாதுதானே என்று நினைக்கிறார்கள். இந்த ஒரு தொடுதலில்தான் காரியம் கெடுகிறது.

எப்படி என்று பாருங்கள். பொருளை எடுத்துச்செல்ல வரும் ஊழியரின் செல்போனில், நீங்கள் ஆர்டர் செய்த பொருளின் படம் இருக்கும். அவர் கையில் நீங்கள் கொடுப்பதும் படத்தில் இருப்பதும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. படத்தில் நீல ஷூ; நீங்கள் நீட்டுவது கறுப்பு. 'பொருள் பொருந்தவில்லை' என்று எழுதிவிட்டு எடுக்காமல் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு பொருளை வாங்கிச் சென்றால் அவர் சம்பளத்தில் கைவைக்கக்கூடும். மாறி வந்ததனால்தான் திருப்புகிறோம், மாறியிருப்பதனாலேயே திருப்ப முடியவில்லை என்ற இந்தச் சுழலில் மாட்டி, வெறுத்துப்போய் விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

எனவே 'வேறு பொருள் வந்தது' என்ற காரணத்தையே தேர்ந்தெடுங்கள். லேபிள், பில், பொருள் மூன்றும் சேர்ந்த படத்தை இணையுங்கள். அப்படியும் ஊழியர் எடுக்க மறுத்தால், அவர் நிற்கும்போதே வாடிக்கையாளர் சேவையை அழைத்துப் பேசுங்கள். எடுக்காமல் போனால் அன்றைக்கே எழுத்தில் பதிவு செய்யுங்கள்: 'மாறி வந்த பொருளை ஒப்படைக்கத் தயாராக இருந்தேன், உங்கள் ஊழியர் எடுக்கவில்லை' என்று. போனில் பேசியது காற்றோடு போய்விடும், எழுதியது நிற்கும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு புகாருக்கும் அப்படி ஒரு எண் தர வேண்டியது பல விற்பனையாளர்களைக் கொண்ட இணையச் சந்தை நிறுவனங்களின் கடமை.

பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் பணம் கிடையாது என்று சில விற்பனையாளர்கள் எழுதிவைக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஆனாலும் செல்போன் மாதிரி விலை உயர்ந்த பொருள் என்றால் வீடியோ எடுப்பதே நல்லது என்பேன். லேபிளில் தொடங்கி, நான்கு பக்க டேப்பையும் காட்டி, இடையில் நிறுத்தாமல் பொருள் வரை ஒரே ஓட்டமாக எடுங்கள். லேபிள் இல்லாத பக்கத்தில் வெட்டுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதில் சிறு இழப்பு பெரு இழப்பாகிவிடும். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களை அழைக்காதீர்கள். அவற்றில் போலிகள் நிறைய. செயலிக்குள் இருக்கும் எண்ணை மட்டுமே நம்புங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் உங்கள் பணத்தை எடுக்க வந்தவர். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இதுவரை பார்த்ததில் கையில் இருக்க வேண்டியவை: உறை, ஒரு படம், சரியான காரணம், புகார் எண்.

மாற்றுப் பொருளா, பணமா

எடுத்தவர் தவறு என்று தெரிந்தால் மாற்றுப் பொருள் கேட்பது நல்லது. அடுத்தமுறை சரியான தட்டில் கைவைத்தால் போதும். ஆனால் கேட்கும் முன் அந்தப் பொருளுக்கு மற்றவர்கள் எழுதிய கருத்துகளைப் பாருங்கள். 'நீலம் கேட்டேன், கறுப்பு வந்தது' என்று பலரும் எழுதியிருந்தால் அது தட்டில் இருக்கும் தவறு. மாற்றுப் பொருளும் கறுப்பாகவே வரும். பணத்தைக் கேட்டுவிடுங்கள். பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுத்து வாங்கியிருந்தால், திருப்பித் தருவதற்கு வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். அதையும் செயலிக்குள் மட்டுமே கொடுங்கள்.

வந்ததை வைத்துக்கொள்ளலாமா

கேட்டதைவிட விலை உயர்ந்தது வந்துவிட்டால் இந்தக் கேள்வி வரும். தவறு அவர்களுடையது, நமக்கு அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. இல்லை. இலவசமாகத் தரும் எண்ணம் இல்லாமல் ஒருவர் கொடுத்ததை நாம் அனுபவித்தால், அதைத் திருப்பித் தரவோ ஈடுசெய்யவோ வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். சலவை மூட்டையில் வந்த பட்டுச் சட்டை நம்முடையதாகிவிடாது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பலருக்குத் தெரியாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை, நியாயமாக மறுக்கப்பட்ட பொருளைத் தூக்கிக்கொண்டுபோய் விற்பவரிடம் சேர்க்க வேண்டிய கடமை வாங்கியவருக்கு இல்லை. 'இதை நான் ஏற்கவில்லை' என்று தெரிவித்தால் போதும். 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவு இது. 'நீங்களே கூரியரில் அனுப்புங்கள், அந்தச் செலவு உங்களுடையது' என்று சொல்லும் விற்பனையாளரிடம் இதைச் சொல்லலாம். பத்திரமாக வைத்திருங்கள், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவ்வளவே.

பேசியும் நடக்காவிட்டால்

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. சேவை மையத்தில் பதில் சொல்பவரோடு மல்லுக்கட்டுவதைவிடக் குறைதீர் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது பலன் தரும்.

அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குக்கு முன்பே நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயலும் அமைப்பு இது.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னை வடக்குக்கு என்று தனி ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, விற்பவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் இணையவழியாகவும் செய்யலாம். முந்நூறு ரூபாய்க்கு ஆணையம் வரை போகச் சொல்லவில்லை. ஆனால் இந்த வழி இருப்பது தெரிந்து பேசுபவரின் மின்னஞ்சலுக்கு வரும் பதிலே வேறாக இருக்கும்.

வீட்டிலிருந்தே விற்பவர்களுக்கு

எம்.சி. ரோட்டில் மொத்தமாகத் துணி எடுத்து, சௌகார்பேட்டையில் கவரிங் எடுத்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் பெண்கள் நம் பகுதியில் நிறைய. ஒரு தவறான பார்சல் அவர்களுடைய பல நாள் லாபத்தைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் செலவை வாங்கியவர் தலையில் கட்ட முடியாது. புகார் வந்ததும் லேபிளும் பொருளும் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். சந்தேகப்படும் தொனியில் கேட்காதீர்கள். 'தவறு எங்கள் பக்கம், சரியானதை இன்றே அனுப்புகிறேன்' என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். மாறிப்போனது திரும்பி வரும் வரை காத்திருந்தால் அவர் பொறுமை போய்விடும்.

பிறகு அன்றைக்கு அனுப்பிய மற்ற ஆர்டர்களைப் பாருங்கள். லேபிள் இடம் மாறியது என்றால் இன்னொருவருக்கும் தவறானது போய்க்கொண்டிருக்கிறது. அவர் அழைக்கும் முன் நீங்கள் அழைத்துவிடுங்கள். பார்சல் இன்னும் வழியில் இருந்தால் கூரியரிடம் சொல்லி நிறுத்தலாம். இருவரும் சென்னைக்குள் இருந்தால், இருசக்கர வாகனத்தில் பார்சல் கொண்டுசெல்லும் ஆளை வைத்து, பெரம்பூரில் ஒன்றை வாங்கி ராயபுரத்தில் கொடுத்து, அங்கிருப்பதை வாங்கி பெரம்பூரில் கொடுக்கச் சொல்லலாம். 'நீங்களே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள்' என்று இருவரின் முகவரியையும் பகிரக் கூடாது. அதிலும் வாங்குபவர் பெண்ணாக இருக்கும்போது.

தடுக்கும் வழி சாதாரணமானது. மேசையில் ஒரே நேரத்தில் ஒரு ஆர்டர் மட்டும் இருக்கட்டும்: பொருளைப் பையில் போட்டு, மூடி, லேபிளை ஒட்டிய பிறகே அடுத்ததை எடுங்கள். ஒட்டும் முன் பொருளையும் லேபிளையும் சேர்த்து ஒரு படம். மூடிய பையைச் சமையலறைத் தராசில் வைத்து, ஆர்டர் எண்ணுக்கு நேராக எடையை நோட்டில் எழுதுங்கள். கூரியர் ரசீதில் அந்த எண்ணுக்கு வேறு எடை இருந்தால், வாடிக்கையாளர் பிரிப்பதற்கு முன்பே எந்த இரண்டு பார்சல் மாறியது என்று தெரிந்துவிடும்.